கடமையிலிருந்து கொடைக்கு: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் மலேசியத் தமிழர் அறப்பணிகளும்

மலேசியத் தோட்டத் தமிழரிடையே நடந்த அறப்பணிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொடுத்தவர் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தத் துரை பள்ளிக்கு இடம் தந்தார், எந்தத் தலைவர் நிதி திரட்டினார் என்று அந்தக் கதை போகிறது. கேமரன் மலையிலிருந்து பார்க்கும்போது எனக்கு வேறொரு வரிசை தெரிகிறது. அரசும் முதலாளியும் ஒவ்வொரு காலத்திலும் எந்தப் பொறுப்பைக் கைவிட்டார்களோ, அந்த இடத்தில்தான் அக்காலத்து அமைப்புகள் முளைத்தன. அவற்றுக்கு முதலில் பணம் கொடுத்தவர்கள் கூலி வாங்கிய தொழிலாளர்கள்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933-இல் வந்தது. கீழே ரப்பர்த் தோட்டங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த லயம் (வரிசை வீடுகள்), கங்காணி (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), பெரட்டு (காலை ஆள்கணக்கு) என்ற அமைப்பு அப்படியே மலையேறியது. அதோடு சட்டங்களும் வந்தன. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் வரி கட்டினர். தொழிலாளர்களைத் தமிழகத்திலிருந்து கப்பலேற்ற அந்தப் பணம் பயன்பட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆனால் எப்படிப்பட்ட பள்ளி என்பதில் அக்கறை காட்டியவர்கள் குறைவு. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும், வேறு வேலைக்கு நடுவே பாடம் சொல்லித்தந்த ஒரு கிராணியும் போதுமானதாகக் கருதப்பட்டது. 1936-இல் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்தார் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது.

தோட்டத்தில் தொழிலாளர்கள் தாமே நடத்திய முதல் பொதுநிறுவனம் கோயில். அதன் நிதி வந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சம்பள நாளில் கிராணி செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் பெயராக அழைப்பார். கடைக்கடன் கழியும், கோயில் சந்தாவும் அங்கேயே கழியும், மிச்சம் கைக்கு வரும். அந்தச் சந்தாவில் மாரியம்மன் திருவிழா நடந்தது, பந்தல் எழுந்தது, அன்னதானம் நடந்தது. கணக்கு வைப்பதும் கூட்டம் நடத்துவதும், பொதுப்பணத்துக்குப் பதில் சொல்வதும் கோயில் கமிட்டியில்தான் பழகியது. பின்னாளில் சங்கங்களை நடத்தியவர்களுக்குப் பயிற்சி தந்த இடம் அது. பக்தி என்ற ஒற்றைச் சொல்லில் ஆய்வாளர்கள் இதைக் கடந்துபோவது வருத்தத்துக்குரியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை மறியலில் இறங்கிய இந்தத் தொழிலாளர் அமைப்பை 1947-இல் காலனி அரசு ஒடுக்கியது. தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருக்க இடம் தந்த ஏற்பாட்டைக் குடித்தவனின் குடும்பமே எதிர்த்து நின்றது என்பதுதான் அதன் பெருமை.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்று அழைக்கப்பட்ட அந்தப் பேரிடரில் வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் வி. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்றார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி மூன்று வெள்ளியை ஒட்டியிருந்த காலம் அது. பத்து வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்புக்கும் மேல். அந்தப் பணத்தில் 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சட்டப்படி அது கூட்டுறவு, அறக்கொடை அல்ல. ஆயினும் முகம் தெரியாத ஒரு தோட்டத்துத் தொழிலாளி வீடிழக்கக் கூடாது என்பதற்காகத் தன் பங்கைக் கட்டியவனை வேறு எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பழைய குடியேற்ற நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, முதியோர் இல்லத்துக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் உதவியது. 1999-இல் அது கலைக்கப்பட்டது. இதற்கிடையில் கல்விச் சிக்கல் இறுகியிருந்தது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி எனக் கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்தின் பெயரையே தாங்கியிருக்கின்றன. பள்ளி நிலம் அரசுடையதாக இல்லாவிட்டால் அது பகுதி உதவிபெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும்; கட்டடத்தின் முழுப் பொறுப்பை ஏற்காது. ஒழுகும் கூரைக்கும் புதிய வகுப்பறைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் நன்கொடைச் சீட்டோடு அலைய வேண்டும். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்கு அடுத்த தடை காத்திருந்தது: இடைநிலைப்பள்ளியில் பாடமொழி மலாய், அதற்கு முன் பலருக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு. மலையில் இதோடு வளைந்து இறங்கும் சாலையும் பஸ் கட்டணமும் சேர்ந்துகொண்டன.

இந்த இடைவெளியில்தான் படித்து வெளியேறிய இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் 1979-இல் உருவானது. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் வார இறுதியில் வந்து பாடம் எடுத்தார்கள். பத்துமலை முருகன் கோயிலுக்குக் கல்வி யாத்திரை என்ற அதன் வழக்கம், கோயில் சந்தா வளர்த்த அதே உணர்வைத் தேர்வின் பக்கம் திருப்பியது.

2000-க்குப் பின் மலையின் கவலைகள் விரிந்தன. 2001-இல் உள்ளூர் மக்கள் ரீச் என்ற சுற்றுச்சூழல் அமைப்பை உருவாக்கிக் காடழிப்பு, ஆற்று மாசு, மறுசுழற்சி ஆகியவற்றைக் கையிலெடுத்தனர். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோனபோது, அந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. காய்கறிச் சரிவுகளின் மண் ஆற்றில் இறங்கி அணையை நிரப்புவதை ரீச் அமைப்பினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள்.

இன்று கொழுந்தெடுப்போரில் பெரும்பகுதியினர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழர் அமைப்புகள் பலவும் தமிழ்ப் பிள்ளைக்காக, தமிழ்ப்பள்ளிக்காக உருவானவை. புதியவர்கள் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. இதற்கு மாறான பாதையில் போன அமைப்பு தெனகானித்தா. தோட்டச் சூழலில் வளர்ந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய இவ்வமைப்பு, தோட்டப் பெண்களின் பிரச்சினைகளில் இறங்கி, பூச்சிமருந்து தெளிப்பவர்களின் உடல்நலக் கேட்டை ஆவணப்படுத்தியது. தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட துன்பத்தை 1995-இல் வெளிப்படுத்தியதற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003-இல் தண்டனை விதிக்கப்பட்டு, 2008-இல்தான் விடுவிக்கப்பட்டார். அந்தத் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட களைக்கொல்லி பராகுவாட் மலேசியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரியில். அவர் மறைந்து அப்போது ஆறாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.