கல்வெட்டு அட்டையில முகம் ஏன் கறுக்குது?

எங்கட வீடுகளில சாமியறைத் தட்டிலயோ அலுமாரிக்குள்ளயோ ஒரு கட்டு மெல்லிய புத்தகங்கள் கிடக்கும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனத்துக்குக் குடுக்கிற கல்வெட்டுகள். உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவழி, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா. அட்டையில் ஒரு முகம். அதைப் பார்த்து "ஆள் இவ்வளவு கறுப்பில்லையே" எண்டு யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்கள். வீட்டுக்காரர் அச்சகத்தைக் குறை சொல்லுவினம். அச்சகக்காரர் போனில அனுப்பின படத்தைக் குறை சொல்லுவார். உண்மையில் இந்தப் பிரச்சினைக்கு நூற்றைம்பது வருசத்துக்கு மேல வயசு.

போன் திரையில் நாங்கள் பார்ப்பது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டக்கூட்ட வெளிச்சம் ஏறும், மூன்றும் முழுசாகச் சேர்ந்தால் வெள்ளை. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இந்த மூன்று ஒளியையும் ஒரே திரையில் விழுத்தி ஒரு வண்ணப் படத்தைக் காட்டினார். இண்டைக்கு ஆர்.ஜி.பி எண்டு சொல்லுறது இதைத்தான். தாள் அப்படியில்லை. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. மேலே பூசிற மை, வெள்ளை ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை எங்களுக்குத் தருது. அதால மை கூடக்கூட இருட்டுத்தான் ஏறும். இந்தக் கழித்தல் கணக்கை வைச்சு வண்ணப் படம் செய்யும் வழியைப் பிரான்சுக்காரரான லூயி துக்கோ து ஓரோன் 1869இல் எழுதி வெளியிட்டார். வான்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், அதோட கறுப்பு எண்டு இப்ப அச்சகத்தில ஓடுற நாலு மைக்கும், அதாவது சி.எம்.வை.கே முறைக்கும், அடித்தளம் இதுதான்.

ஆக, படத்தை அச்சுக்கு அனுப்பும்போது நடப்பது ஒருவகை மொழிபெயர்ப்பு. கேள்வி என்னவெண்டால், மொழிபெயர்க்கிறது யார்?

முந்தி அது மனிசர். 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் வேணும். எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து, லட்சுமியின்ர கன்னத்தில சிவப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு எண்டு கைத்தேர்ச்சி உள்ள ஒருவர் கண்ணாலேயே பிரித்துக் கல்லில் வரைவார். பிறகு அந்த வேலையைக் கமெராவும் நிறக் கண்ணாடிகளும் எடுத்தன. அதுக்குப் பிறகு கொம்பியூட்டர்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை வேற மாதிரி ஓடியது. அமெரிக்க மிஷனுக்காக 1820இல் வந்த அச்சுத்தொழிலாளி ஜேம்ஸ் கரெற்றைத் தங்க விடாமல் ஆளுநர் பார்ன்ஸ் திருப்பி அனுப்பினார். 1834இல்தான் மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. அங்கேயிருந்து 1841இல் 'உதயதாரகை' வந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன இயந்திரசாலையை நிறுவினார். வேதக்காரரும் சைவரும் துண்டுப் பிரசுரங்களால் மோதிக்கொண்ட காலம் அது. ரெண்டு பக்கமும் அடிச்சது கறுப்பு மையில. எங்கட அச்சு வரலாறு எழுத்தின் வரலாறு. படம் பிந்தித்தான் வந்தது. வந்ததும் புளொக் எண்டு சொல்லுற உலோகத் தகட்டில, சின்னனும் பெரிசுமான கறுப்புப் புள்ளிகளாக வந்தது. பழைய கல்வெட்டுகளில் உள்ள முகங்கள் அப்படிப்பட்டவை. மாநிறமும் கறுப்பும் பொதுநிறமும் அதில ஒரே சாம்பல்.

அந்த ஒரு மை கூடச் சும்மா கிடைக்கேல்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அச்சுத்தாள் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அடித்தார்கள். மின்சாரமே இல்லாத ஊரில நாலு மைக்கு எங்க போறது?

அதால நாலு வண்ண அச்சு எங்கட பொதுவாழ்க்கைக்குள்ள பரவலாக வந்தபோது, நிறத்தைப் பிரிக்கும் கைத்தேர்ச்சி உலகத்தில எல்லா இடமும் கொம்பியூட்டருக்குள்ள போய்விட்டது. இப்ப போட்டோஷொப்பில ஒரு கிளிக். அந்தக் கிளிக்குக்குப் பின்னால ஒரு அட்டவணை வேலை செய்யுது. அதுக்குப் பெயர் புரொபைல். இன்ன தாள், இன்ன மை, இன்ன இயந்திரம் எண்டால் இன்ன நிறத்துக்கு எந்த மை எத்தனை வீதம் எண்டு அது சொல்லும். எல்லாக் கொம்பியூட்டரும் ஒரே முறையில் இதை வாசிக்கவேண்டும் எண்டுதான் 1993இல் ஐ.சி.சி என்ற சர்வதேசக் குழுமம் உருவானது. மென்பொருளைப் போட்டபடியே வைச்சிருந்தால் அதில வழமையாக இருப்பது அமெரிக்காவில் பளபளப்புத் தாளில் அடிக்கிற சஞ்சிகைகளுக்கு வகுத்த அட்டவணை. நாங்கள் அடிக்கப்போறதோ மை உறிஞ்சிற சாதாரணத் தாளாகக்கூட இருக்கலாம்.

உறிஞ்சிற தாளில் புள்ளி ஊதும். ஊதினால் படம் கறுக்கும். நாலு மையையும் முழுசாகப் போட்டால் மொத்தம் 400 வீதம். நல்ல ஆர்ட் தாள் ஏறக்குறைய 300 வரைக்கும் தாங்கும், பத்திரிகைத் தாள் 240 அளவில்தான். எங்கட தோலின் நிறத்துக்கு மஞ்சளும் கருஞ்சிவப்பும் நிறைய வேணும், அதுக்கு மேல கொஞ்ச நீலம், கொஞ்சக் கறுப்பு. நீலம் ஒரு பிடி கூடினால் முகம் நோயாளி மாதிரி. கறுப்புக் கூடினால் கரி பூசின மாதிரி. வெள்ளைத்தோல் படத்தில அதே பிழை நடந்தாலும் அவ்வளவு தெரியாது, ஏனெண்டால் அங்க மை குறைவு.

இதில வேறொரு பழைய கணக்கும் இருக்கு. கொடாக் கம்பனி ஸ்ரூடியோக்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் பல காலம் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். 'ஷேர்லி அட்டை' எண்டு பெயர். அவளின்ர தோல் சரியாக வந்தால் படம் சரி. மற்ற ஆக்களின்ர தோல் அளவுகோலுக்குள்ளயே இல்லை. நாங்களும் இதுக்குக் குறைஞ்ச ஆக்கள் இல்லை. கல்வெட்டுக்குப் படம் குடுக்கும்போது "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" எண்டு கேக்கிறம். ஒரு பக்கம் இயந்திரம் கறுப்பாக்குது, மறுபக்கம் நாங்கள் வெளுப்பாக்கிறம். அந்த ஆளின் உண்மையான நிறம் ரெண்டுக்கும் நடுவில எங்கேயோ போயிடுது.

எழுத்துக்கும் இதே ஆபத்து உண்டு. வேர்ட்டில அடித்த கறுப்பு எழுத்து ஆர்.ஜி.பி கறுப்பு. அதை அப்படியே மாத்தினால் நாலு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடும். நாலு தகடும் ஒரு மயிரிழை விலகினாலே ணகரத்தின் சுழி அடைபடும், புள்ளி மங்கும், ஓரத்தில் சிவப்பு நிழல் விழும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 வீதம் போதும். மானிப்பாயிலும் வண்ணார்பண்ணையிலும் செய்த அதே வேலைதான்.

இதெல்லாம் நுணுக்கம் பிடிச்ச ஆக்களின்ர கவலை எண்டு நினைக்கலாம். ஆனால் 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு போகேல்லை. வன்னியில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒரு அடையாள அட்டைப் படம் மிஞ்சினாலே பெரிய விசயம். அப்படியான வீடுகளில் அம்மம்மாவுக்கு இருக்கும் ஒரே முகம் கல்வெட்டு அட்டையில் இருக்கிற முகம்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இப்படியான நினைவு மலர்களையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைக்குது. அதாவது மையிலிருந்து மறுபடியும் ஒளிக்கு. ஆனால் அச்சில தொலைஞ்ச நிறம் ஸ்கானில திரும்பி வராது. இந்த மாற்றம் ஒருவழிப் பாதை.

ஆகவே கல்வெட்டோ, பல்கலைக்கழக மலரோ, நீங்கள் பொறுப்பெடுத்தால் நாலு விசயம் செய்யுங்கோ. மாத்த முதல் மூலப் படத்தை ஆர்.ஜி.பியிலேயே தனியாகச் சேமியுங்கோ. எந்தத் தாள், எந்தப் புரொபைல் எண்டு அச்சகத்திட்டக் கேளுங்கோ. எழுத்தைத் தனிக் கறுப்பில வையுங்கோ. அடிக்கப்போற அதே தாளில ஒரு மாதிரிப் பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில, அந்த ஆளோட வாழ்ந்த ஒருத்தருக்குக் காட்டுங்கோ. அவை "இதுதான் அவ" எண்டு சொன்ன பிறகு மிச்சத்தை அடிக்கலாம்.