சென்னை மேயர் பதவி

சென்னை மேயர் பதவி 1688-ல் தோன்றியது. இந்தியாவில் மிகப் பழைய நகராட்சிப் பதவி இதுவே. இடையில் 130 ஆண்டுகளுக்கு மேல் அது இல்லாமலே போனது. 1933-ல் மீண்டும் வந்தது. 1973 முதல் 1996 வரை மறுபடியும் காலியாகக் கிடந்தது. இந்த நகரம் யாருக்கு உரியது என்ற வழக்கு எழுந்தபோதெல்லாம் மேயர் நாற்காலியும் அதில் இழுபட்டது. கம்பெனிக்கா அரசருக்கா, ஆங்கிலேயருக்கா பிரெஞ்சுக்காரருக்கா, ஆந்திரத்துக்கா தமிழ்நாட்டுக்கா, கோட்டைக்கா ரிப்பன் மாளிகைக்கா என்று அந்த வழக்கு காலத்துக்குக் காலம் வேடம் மாற்றிக்கொண்டது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டணத்தில் செலவு மிகுந்தது, வருவாய் போதவில்லை. கம்பெனியின் கோட்டையைச் சுற்றிப் பெருகிய கறுப்பர் பட்டணத்து மக்கள் வரி கட்ட மறுத்தார்கள். அந்த மக்களில் சிலரையே மன்றத்தில் உட்காரவைத்து, அந்த மன்றத்தின் பெயரால் வரி விதித்தால் முணுமுணுப்பு குறையும் என்று கணக்குப் போட்டவர் கம்பெனியின் தலைவர் சர் ஜோசையா சைல்டு. நகராட்சிக்கான சாசனம் அரசர் முத்திரையோடு போவதா, கம்பெனி முத்திரையோடு போவதா என்ற கேள்வி லண்டனில் இரண்டாம் ஜேம்சின் முன்னிலையில் எழுந்தது. அரசரிடம் நேரடியாக அதிகாரம் பெற்றவர்கள் நாளை கம்பெனிக்கு அடங்காமல் போகலாம் என்ற அச்சம் வென்றது. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் கம்பெனியின் முத்திரையோடே வந்தது. மேயரைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற மேலிடத்து எண்ணம் பதவி பிறக்கும்போதே கூடப் பிறந்தது.

1688 செப்டம்பர் 29-ல் மாநகராட்சி தொடங்கியது. எலிஹு யேல் கவர்னராக இருந்த காலம் அது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மூத்த உறுப்பினர்கள்), 60 பர்ஜஸ்கள் (நகர உறுப்பினர்கள்) என்பது அமைப்பு. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் ஆறு மாதத்தில் பதவியை விட்டார். பிற்பாடு அவரே மதராஸ் கவர்னரானார். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயரோடு போர்த்துக்கீசியரும் உள்ளூர் வணிகர்களும் இருந்தார்கள். சின்ன வேங்கடாத்திரியின் பெயர் அந்தப் பட்டியலில் உண்டு. மேயரும் ஆல்டர்மேன்களும் சிவப்புக் கம்பளி அங்கி அணிய வேண்டும், பர்ஜஸ்கள் வெள்ளைப் பட்டு உடுத்த வேண்டும், முன்னால் வெள்ளிச் செங்கோல் போக வேண்டும் என்பதெல்லாம் அன்றே வகுக்கப்பட்டது. மதராஸ் வெயிலில் கம்பளி அங்கி எப்படி இருந்திருக்கும் என்பதை லண்டனில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நகர மண்டபம், பள்ளிக்கூடம், சிறைச்சாலை ஆகியவற்றை வரிப் பணத்தில் கட்டுவது திட்டம். அங்கியும் செங்கோலும் வந்த வேகத்தில் வரி வரவில்லை. மன்றத்தில் உள்ளூர்க்காரர்கள் இருந்தும் ஊர் வளைந்து கொடுக்கவில்லை.

1726-ல் முதலாம் ஜார்ஜ் அரசரின் சாசனம் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றுக்கும் ஒரே மாதிரி மேயர் நீதிமன்றங்களை ஏற்படுத்தியது. ஆல்டர்மேன்கள் ஒன்பதாகக் குறைந்தார்கள். அவர்களில் எழுவர் பிரிட்டிஷ் பிரஜைகளாக இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர் வணிகருக்கு மன்றத்தில் இருந்த இடம் இதோடு போயிற்று. மேயர் இப்போது பெரும்பாலும் நீதிபதி. அதிகாரம் அரசரிடமிருந்து வந்ததால் சைல்டு காலத்து அச்சமும் பலித்தது: மேயர் நீதிமன்றமும் கவர்னரின் ஆலோசனை சபையும் ஓயாமல் மோதிக்கொண்டன. கோயிலில் சத்தியம் செய்ய மறுத்த இரு இந்து வணிகர்களை நீதிமன்றம் சிறையில் போட்டது. ஊர் கொந்தளித்தது. கவர்னர் தலையிட்டு அவர்களை வெளியே விட்டார்.

1746-ல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுப் படை மதராஸைப் பிடித்ததும் இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் போனது. ஆங்கிலேயர் நிர்வாகம் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போனது. மேயர் நீதிமன்றம் நின்றது. 1749-ல் உடன்படிக்கைப்படி நகரம் திரும்பக் கிடைத்தது. 1753-ல் புதுச் சாசனம் வந்தது. அதன்படி மேயரைத் தேர்ந்தெடுப்பதில் கவர்னரின் கை ஓங்கியது. இந்தியர்களுக்குள் நடக்கும் வழக்குகள் இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே இந்த மன்றத்துக்கு வரலாம் என்றும் ஆனது. 1798-ல் ரெக்கார்டர் நீதிமன்றமும் 1801-ல் உச்ச நீதிமன்றமும் வந்தபின் மேயருக்கு வேலையில்லை. இரண்டுக்கும் தலைமை வகித்தவர் சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மேயர் இல்லாத நூற்றாண்டு. கமிஷனர்களும் அரசு நியமித்த தலைவரும் நகரை நடத்தினார்கள். 1867-ல் நகரம் எட்டு வட்டாரங்களாகப் பிரிந்தது. 32 கமிஷனர்களும் நியமன உறுப்பினர்களே. 1878-ல் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. 1913-ல் மாநகராட்சியின் இருப்பிடமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. உள்ளாட்சிக்கு வழிவிட்ட வைஸ்ராயின் பெயரை அந்த வெள்ளைக் கட்டடம் தாங்கி நிற்கிறது.

1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம்தான் இன்றைய பதவிக்கு அடித்தளம். மன்றம் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நிர்வாகம் அரசு நியமிக்கும் கமிஷனரிடம் இருக்கும். தீர்மானம் போடுவது ஒருவர், கோப்பில் கையெழுத்திடுவது இன்னொருவர் என்ற ஏற்பாடு இப்படி நிலைபெற்றது. நீதிக் கட்சியின் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது 1920-ல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பின்னாளில் மாநிலம் முழுவதும் பரவிய சத்துணவுக்கு இதுவே முன்னோடி. தலைவர் நினைத்தால், கையில் அதிகாரம் குறைவாக இருந்தும், என்ன செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

1933-ல் தலைவர் என்ற பெயர் மேயர் என மாறியது. அப்போது தலைவராக இருந்த குமாரராஜா முத்தையா செட்டியார் முதல் மேயரானார். பதவிக்காலம் ஓராண்டு. தமிழர், தெலுங்கர், முஸ்லிம், கிறிஸ்தவர், தாழ்த்தப்பட்டோர் என்று சமூகங்களுக்கு முறைவைத்து அந்த நாற்காலியைக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. எழுதாத ஒப்பந்தம்தான், இருந்தும் பல மொழி, பல மத நகரத்தில் அது நெடுநாள் தாக்குப்பிடித்தது. அப்துல் ஹமீது கான், ஜெ. சிவசண்முகம் பிள்ளை, ந. சிவராஜ் ஆகியோர் அந்த வரிசையில் வந்தவர்கள். 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி குடிநீர்ப் பஞ்சத்தோடு மல்லுக்கட்டினார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட அவர் காலத்தில் அடிக்கல் விழுந்தது. 1944-ல் பணி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. பூண்டி ஏரி இன்று சத்தியமூர்த்தி சாகர்.

நகரம் யாருக்கு என்ற கேள்வி நேரடியாக எழுந்தது 1952-53-ல். தனி ஆந்திரம் கேட்டு 1952 அக்டோபர் 19-ல் மயிலாப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15-ல் இறந்தார். நான்கு நாள் கழித்து ஆந்திர மாநிலம் அமையும், சென்னை நகரம் அதில் சேராது என்று நேரு அறிவித்தார். ஆனாலும் ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்ற முழக்கம் அடங்கவில்லை. வடசென்னையில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. வணிகத்திலும் அவர்களுக்கு நெடுநாள் வேர் உண்டு. நகரைக் கூவத்தை எல்லையாக வைத்துப் பிரிக்கலாம் என்ற யோசனைகூட எழுந்தது. மாநிலப் பிரிவினையை ஆராய்ந்த நீதிபதி வாஞ்சு, புதிய மாநிலத்தின் தலைநகரம் தற்காலிகமாகச் சென்னையிலேயே இருக்கலாம் என்றார். ஒட்டகம் கூடாரத்தில் தலை நுழைப்பதாகவே தமிழர் தரப்பு இதைப் பார்த்தது.

அப்போதைய மேயர் காங்கிரஸ்காரரான வழக்கறிஞர் த. செங்கல்வராயன். தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ. சிவஞானம் மாநகராட்சியில் ஆல்டர்மேன். ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று ம.பொ.சி. வெளியே மேடைகளில் முழங்கினார்; சென்னை தமிழகத்துக்கே உரியது, தற்காலிகத் தலைநகருக்கும் இடமில்லை என்ற கருத்து மாநகராட்சி மன்றத்திலும் தீர்மானமாயிற்று. மாநில எல்லையை வரைய மாநகராட்சிக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றமே பேசிவிட்டபின், நகர மக்களின் விருப்பம் தெரியவில்லை என்று டெல்லியில் யாரும் சொல்ல முடியவில்லை. முதலமைச்சர் ராஜாஜியும் விட்டுக்கொடுக்கவில்லை. 1953 மார்ச் 25-ல், ஆந்திரத்தின் தலைநகரம் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அக்டோபர் 1-ல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது.

அடுத்த போட்டி கட்சிகளுடையது. 1956-ல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 1959 தேர்தலில் தி.மு.க. 45 இடங்களைப் பிடித்தது; அ.பொ. அரசு அக்கட்சியின் முதல் மேயர். கோட்டையைப் பிடிக்கும் முன் தி.மு.க. ஏறிய முதல் படி ரிப்பன் மாளிகைதான். ஆனால் கோட்டைக்குப் போனபின் அந்த ஆட்சியே 1973-ல், மஸ்டர் ரோல் (கூலிப் பதிவேடு) ஊழல் புகாருக்குப் பிறகு, மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது. அதன்பின் 23 ஆண்டு தனி அலுவலர்களின் ஆட்சி. இரு கழகங்களும் மாறி மாறி ஆண்ட காலத்தில் யாருக்கும் தேர்தல் நடத்த அவசரமில்லை. ஒரு தலைமுறையே மேயரைப் பார்க்காமல் வளர்ந்தது.

74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தேர்தலைக் கட்டாயமாக்கியது. 1996 அக்டோபரில் மக்கள் நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலினை மேயராக்கினார்கள். நகரத்து மேம்பாலங்கள் பல அவர் காலத்தவை. அவற்றில் ஊழல் என்ற வழக்கில் ஆட்சி மாறியதும் 2001 ஜூனில் அவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு தேர்தலில் அவர் மீண்டும் வென்றார். சட்டமன்ற உறுப்பினர் மேயராகவும் இருக்கக் கூடாது என்று 2002-ல் அ.தி.மு.க. அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் யாரைக் குறிவைத்தது என்பதில் ஐயம் எதுவும் இல்லை. ஸ்டாலின் மேயர் பதவியை விட்டார். துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பேற்றார்.

தேர்தல் முறையும் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 2006-ல் கவுன்சிலர்கள் மா. சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல். சைதை துரைசாமி வென்றார். அவ்வாண்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகவும், வார்டுகள் 155-லிருந்து 200 ஆகவும் பெருகின. 2016-ல் தேர்தல் நீதிமன்றத்தில் சிக்கி நின்றதால் மீண்டும் தனி அலுவலர். 2022 மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் ஆர். பிரியாவை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். 28 வயதில் பதவியேற்ற அவர் சென்னையின் முதல் தலித் பெண் மேயர்.

மன்றக் கூட்டத்தில் மேயர் சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் அணிந்து வருகிறார். உறுப்பினர்கள் ‘வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே’ என்று தொடங்குகிறார்கள். 1919 சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடமே உள்ளது.