எண்ணெய்த்துணியில் சுற்றிய இரண்டு கேமராக்கள்

கடற்கரையில் கேமராவைக் கெடுப்பது தண்ணீர்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் பட்டால் உடனே தெரிந்துவிடும். மணல் அப்படியல்ல. லென்ஸைத் திருகும் மரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நான்கு நாள் கழித்துத்தான் "கர கர" என்று சத்தம் கொடுக்கும். ஃபிலிம் காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபிலிம் வெளியே வரும் வாயில் ஒரே ஒரு மணல்துகள் சிக்கினால் போதும், சுருள் முழுவதும் நீளமாக ஒரு கீறல் விழும்!

இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் ராபர்ட் கபா 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கினார். கையில் இரண்டு கான்டாக்ஸ் கேமராக்கள். தண்ணீர் புகாத எண்ணெய்த்துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். அதே கடற்கரையில் இறங்கிய வீரர்களும் துப்பாக்கிகளை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார்கள். அப்படியும் பல துப்பாக்கிகள் மணலால் அடைத்துக்கொண்டன.

துணியில் சுற்றுவது சுலபம். ஆனால் படம் எடுக்க வேண்டுமானால் பிரித்துத்தானே ஆகவேண்டும்? அதைவிடச் சிக்கல், ஃபிலிம் மாற்றுவது. கான்டாக்ஸ் கேமராவின் பின்பக்கம் கதவு போலத் திறக்காது. அடிப்பாகத்தோடு சேர்ந்து தனியாகக் கழன்று கையில் வந்துவிடும். ஒரு கையில் மூடி, ஒரு கையில் கேமரா, புதுச் சுருளுக்கு மூன்றாவது கை வேண்டும். மேஜைமேல் வைத்துச் செய்யவேண்டிய வேலை இது. அலையில் படுத்துக்கொண்டு, தலைக்குமேல் குண்டு பறக்கும்போது? ஈரக் கையும் நடுக்கமும் சேர்ந்து புதுச் சுருளைப் பாழாக்கிவிட்டதாக கபாவே 1947-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதன்பின் அவர் ஒரு படகில் ஏறித் திரும்பிவிட்டார்.

மிஞ்சியது பத்துப் பதினோரு படங்கள்தான். லைஃப் பத்திரிகை ஜூன் 19 இதழில் அவற்றை வெளியிட்டது. மற்றவை லண்டன் இருட்டறையில் அதிகச் சூட்டில் உருகிப்போயின என்று பல வருடங்கள் சொல்லப்பட்டது. 2014-இல் விமர்சகர் ஏ. டி. கோல்மன் இந்தக் கதையைக் கேள்விக்குள்ளாக்கினார். அன்று லண்டனில் படப் பொறுப்பாளராக இருந்த ஜான் மோரிஸும், மற்றச் சுருள்களில் படமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அதே வருடம் ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு மனிதர் பத்துப் படம் எடுத்ததே பெரிய விஷயம் அல்லவா! இருட்டறைப் பையன்மேல் பழி போட்டிருக்கவே வேண்டாம்.

துணியில் சுற்றுவதற்குப் பதில் கேமராவையே அடைத்துவிட்டால் என்ன என்ற யோசனை கடலுக்குள்ளிருந்து வந்தது. கூஸ்டோவின் குழுவுக்காக பெல்ஜியப் பொறியாளர் ஜான் த வூட்டர்ஸ் உருவாக்கியது கலிப்ஸோ. அந்த உரிமையை வாங்கிய நிக்கான் நிறுவனம் 1963-இல் நிக்கோனாஸ் என்ற பெயரில் விற்றது. மூழ்குபவர்களுக்காக வந்த கேமரா, வியட்நாம் போரில் மழையிலும் சேற்றிலும் நின்ற புகைப்படக்காரர்களுக்கும் உதவியது.

இதிலும் மணல் விடவில்லை. இணைப்புகளில் ரப்பர் வளையம்தான் காவல். அதன்மேல் ஒரு மணல்துகளோ ஒரு முடியோ கிடந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் வளையத்தைக் கழற்றித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி மாட்டவேண்டும். அதையும் கடற்கரையில் செய்யக்கூடாது, அறைக்குப் போய்த்தான்.