இடப்பள்ளியின் இரங்கற்பாவும் மைத்ரியின் தொலைபேசியும்

சாக நினைப்பவர் தம் நினைப்பைப் பிறரிடம் சொல்வது அவரைக் காக்குமா, கேட்பவரையும் சேர்த்து இழுக்குமா? உளவியலார் இதை இக்காலத்து வினாவாக எழுதிவருகிறார்கள். கொச்சியின் இலக்கிய வரலாற்றில் இவ்வினாவுக்கு ஏறத்தாழ தொண்ணூறு வயது.

1936ஆம் ஆண்டு சூலைத் திங்களின் தொடக்கத்தில், மலையாளக் கவிஞர் இடப்பள்ளி இராகவன் பிள்ளை கொல்லத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது இருபத்தேழு. அவர் கடைசியாக எழுதி இதழ்களுக்கு அனுப்பிவைத்த கவிதைகள், ‘மணிநாதம்’ உட்பட, அவருடைய மறைவை ஒட்டி அச்சேறின. விடைபெறும் சொற்களும் இறப்புச் செய்தியும் ஏறக்குறைய ஒன்றாகவே வாசகரை அடைந்தன. தனியொருவரின் உயிர் நெருக்கடி, எழுதியவர் இல்லாத நிலையில், ஒரு வாசகக் கூட்டத்தின் பொதுப் பேச்சாயிற்று.

அக்காலத்துக் கொச்சியின் நிலவியலைச் சற்று நினைவிற் கொள்வது நல்லது. மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தன. மட்டாஞ்சேரியை ஒட்டியே கிடந்த கோட்டைக் கொச்சி பிரித்தானியருடையது. சில கல் தொலைவிலிருந்த இடப்பள்ளியோ, கொச்சி நிலத்தால் சூழப்பட்டிருந்தும், திருவிதாங்கூரைச் சார்ந்தது. படகில் ஏறி இறங்கி நடந்தால் அரை நாளுக்குள் மூன்று ஆட்சிகளைக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு செய்தியில் மூன்றும் ஒத்திருந்தன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடந்தந்தது. இரு மன்னராட்சிகளும் தத்தம் தண்டனைச் சட்டங்களை அதையே அடியொற்றி அமைத்துக்கொண்டன. ஆகவே, எல்லையின் எப்பக்கத்தில் நின்றாலும், ‘நான் சாக முயன்றேன்’ என்று வாய்விட்டுச் சொன்னவர் தம்மேல் தாமே குற்றம் சாட்டிக்கொண்டவராவார். இறந்தவரைப் பற்றி எவரும் பேசலாம். பிழைத்தவர் தம்மைப் பற்றிப் பேச முடியாது. கொச்சியின் இக்கதையில் பின்னர் வரும் பலவற்றுக்கும் இந்தச் சமனின்மையே வேர்.

சொற்களும் இதற்கு உடந்தை. தமிழில் ‘தற்கொலை’, மலையாளத்தில் ‘ஆத்மஹத்ய’. இரண்டிலும் கொலை உள்ளே அமர்ந்திருக்கிறது. சங்க இலக்கியத்தின் ‘வடக்கிருத்தல்’ என்னும் சொல்லில் அது இல்லை என்பது உண்மையே. ஆனால் அச்சொல்லை இங்கே இழுத்துவருவதில் ஓர் இடர் உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்ததைத் தமிழ் மரபு நட்பின் உச்சமாகப் போற்றிவருகிறது. ஊரறிய, பலர் சூழ, பாடல்களின் நடுவே நிகழ்ந்த அரசியற் சடங்கு அது. கடனிலும் காதல் முறிவிலும் தனியறையில் தவிக்கும் ஒருவரின் நிலைக்கு அதை உவமையாக்குவது வரலாற்றுப் பிழை. அதனினும் பெரிய தீங்கும் ஆகும். இடப்பள்ளியில் நண்பரை இழந்து நின்ற கவிஞர் உடன் அமரவில்லை. அவர் உயிரோடிருந்து எழுதினார்.

சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை இராகவன் பிள்ளையைவிட இரண்டு வயது இளையவர். அதே இடப்பள்ளியில் பிறந்தவர். இருவரும் ‘இடப்பள்ளிக் கவிகள்’ என்று சேர்த்தே அழைக்கப்பட்டார்கள். இராகவன் பிள்ளை ஏழை. அவர் நேசித்த பெண்ணின் குடும்பம் செல்வம் உடையது. இவ்வளவு ஊரறிந்த செய்தி. நண்பரின் மறைவு நிகழ்ந்த அதே ஆண்டில் சங்ஙம்புழ ‘ரமணன்’ என்னும் நாடகக் காவியத்தை வெளியிட்டார். ஆங்கில மரபின் ஆயர் இரங்கற்பா வடிவத்தை மலையாளத்துக்குக் கொண்டுவந்த நூல் அது. ஏழை ஆயன் ரமணன், அவன் தோழன் மதனன், செல்வர் மகள் சந்திரிகை என மூவரைச் சுற்றியே கதை நகர்கிறது.

மலையாள நூலுலகம் அதற்குமுன் கண்டிராத விற்பனையை ‘ரமணன்’ கண்டது. வாங்க இயலாதோர் கையால் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். பிற்காலப் பதிப்பொன்றுக்கு ஜோசப் முண்டசேரி முன்னுரை எழுதினார். கேடாமங்கலம் சதானந்தன் அதைக் கதாப்பிரசங்கமாக்கி ஆயிரக்கணக்கான மேடைகளில் நிகழ்த்தினார். 1967இல் திரைப்படமாகவும் வந்தது. படிக்கத் தெரியாதவரும் ரமணனைக் கேட்டு அறிந்திருந்தார்கள் என்பதே இதன் பொருள். ஒருவரின் இறப்பு ஒரு தலைமுறை முழுவதும் கூடி அழுவதற்கான பாட்டாக மாறியது.

இப்பரவலுக்குக் காதல் மட்டும் காரணமன்று. படித்தும் வேலையில்லாத இளைஞர், சாதியும் சொத்தும் குறுக்கே நின்ற மணங்கள், துறைமுகத்தை நம்பிய கூலி வாழ்வு ஆகியவை எல்லாம் அந்நூலின் வாசகர் திரளுக்குள் அடங்கும். மட்டாஞ்சேரியில் வேலைக்கு அடையாளமான ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே விட்டெறிவார்கள். பாய்ந்து பொறுக்கியவனுக்கே அன்றைய வேலை. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டது, தொழிலாளர் உயிரிழந்தனர். ரமணனின் ஏழ்மை அவ்வூருக்கு வெறும் காவியப் பொருளாக இருந்திருக்க வழியில்லை.

‘ரமணன்’ எத்தனை இளைஞரைச் சாவை நோக்கித் தள்ளிற்று என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வியே பிழையாக அமைந்தது. நூலொன்றை ஓர் இறப்பின் காரணமாக நிறுவுவதற்கான சான்று எந்தக் காவல்நிலைய ஏட்டிலும் கிடைக்காது. ஐரோப்பாவில் கேதேயின் ‘வேர்தர்’ 1774இல் வெளிவந்தபோதும் இதே அச்சம் எழுந்தது. மறு ஆண்டே லைப்சிக் நகரம் அந்நூலைத் தடைசெய்தது. சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வு, தடைசெய்தவர்களின் ஊகத்தைப் புள்ளிவிவரத்தால் சோதித்தது. முதற்பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்தபின் இறப்புகள் கூடுவதைக் காட்டி, அதற்கு ‘வேர்தர் விளைவு’ என்று பெயரும் இட்டார். 2010இல் வியன்னாவைச் சேர்ந்த தாமஸ் நீடர்க்ரோட்டென்தாலரும் குழுவினரும் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். சாக எண்ணி, அவ்வெண்ணத்தைக் கடந்து வாழ்ந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த காலத்தில் இறப்புகள் குறைந்திருந்தன. மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தில் சாவின் விளிம்பில் நிற்கும் பாப்பகேனோவை மூன்று சிறுவர்கள் பேசித் திருப்புகிறார்கள். அதனால் இதற்குப் ‘பாப்பகேனோ விளைவு’ என்று பெயர்.

ஆக, தற்கொலையைப் பற்றிப் பேசலாமா என்பதன்று சிக்கல். யாருடைய குரலில் பேசப்படுகிறது, கதை எங்கே நிறுத்தப்படுகிறது என்பதே. ‘ரமணன்’ பாடப்பட்ட மேடைகளில் சாவு ஒரு முடிவுரையின் அழகைப் பெற்றது. வாழ்ந்தவர்களின் பக்கம் விளக்கு விழவில்லை. சந்திரிகை என்னும் பெயர் நம்பிக்கைத் துரோகத்தின் மறுபெயராகவே வழங்கத் தொடங்கியது. அப்பெயருக்குப் பின்னால் குடும்பத்தின் முடிவை மீற வழியற்ற ஒரு பெண் இருந்திருக்கக்கூடும் என்பதைக் கேட்டுக் கண்ணீர்விட்ட கூட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் யார் என்று தோண்டுவதும் ஆய்வாளரின் வேலையன்று.

இனி இக்கதையின் இரண்டாம் பகுதி, இலண்டனில் தொடங்குகிறது. சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கப் பாதிரியார் 1935இல் நடத்திய முதல் இறுதிச் சடங்கு, முதல் மாதவிடாயை நோய் என்று தவறாக எண்ணி அஞ்சி உயிர்விட்ட ஒரு சிறுமியினுடையது. கேட்க ஒருவர் இருந்திருந்தால் போதும் என்னும் எண்ணம் அவரைவிட்டு நீங்கவில்லை. 1953 நவம்பரில், தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் இன்னும் குற்றமாகவே இருந்தபோது, தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு அமர்ந்தார். அவரைக் காண வந்தவர்கள் முன்னறையில் காத்திருந்தார்கள். தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுக்கச் சில தன்னார்வலர்கள் அங்கே இருந்தார்கள். பலர் அவர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே மனம் தெளிந்து திரும்பிச் சென்றதை வாரா கவனித்தார். சில மாதங்களுக்குள் பணியை முன்னறைக்காரர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன் இயக்கம் உருவான வகை இது. அறிவுரை கூறாமை, மறைகாத்தல், கேட்டல் ஆகியவை அதன் முறை. அங்கே பயிற்சிபெற்ற காது மருத்துவருடையதன்று; அடுத்த வீட்டுக்காரருடையது.

தெற்காசியாவுக்கு இம்முறை இலங்கை வழியாகவும் வந்தது. 1974இல் ஜோன் டி மெல் அங்கே சுமித்ரயோவைத் தொடங்கினார். 1986இல் சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் ஸ்நேகாவை நிறுவினார். 1995இல் கொச்சியில் மைத்ரி பிறந்தது. சுமித்ரயோ, ஸ்நேகா, மைத்ரி என்று பெயர்களை அடுக்கிப் பார்த்தால், மூன்றுமே நட்பையும் நேயத்தையும் குறிப்பவை. ‘மருத்துவமனை’, ‘நிலையம்’, ‘தடுப்பு’ போன்ற சொற்கள் அவற்றில் இல்லை. சட்டம் குற்றவாளி என்றழைத்த ஒருவரை நண்பர் என்று அழைக்கத் துணிந்த பெயர்கள் இவை.

மைத்ரி தொடங்கிய ஆண்டுக்கு இந்தியச் சட்ட வரலாற்றில் தனி இடமுண்டு. 1994இல் பி. இரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 309ஆம் பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்று கூறி நீக்கியது. 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐவர் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றிப் பிரிவை மீட்டது. இடைப்பட்ட அந்தக் குறுகிய சாளரத்திற்குள்தான் கொச்சியின் தொலைபேசி மணி முதன்முதலாக ஒலித்தது. பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு அழைத்தவர்கள் பலர் சட்டத்தின் கண்ணில் மீண்டும் குற்றவாளிகளே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவின்வழி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. 2024 சூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதையில் 309 இல்லை. ஆயினும், பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் முயல்வோருக்கான 226ஆம் பிரிவு ஒன்று புகுந்திருக்கிறது. போராட்டக்காரர் மீது அது எப்படிப் பாயும் என்பது தனியே எழுதவேண்டிய பொருள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி கேரளத்தில் இலட்சம் பேருக்கு 28.5 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நாட்டின் சராசரி 12.4. இவ்விடைவெளியைக் காட்டி, மலையாளிகளின் ‘மிஞ்சிய ஆசை’யே காரணம் என்று அறம் பேசுவது கேரளத்தில் வழக்கம். மானிடவியலாளர் ஜோசலின் சுவா 2014இல் வெளியிட்ட நூலில் அந்தப் பேச்சையே ஆய்வுப்பொருளாக்கினார். கல்வி, வளைகுடாக் கனவு, வேலையின்மை ஆகியவற்றின் கூட்டைத் தனிமனிதக் குறையாகச் சுருக்கும் மனப்பாங்கு அப்பேச்சில் உண்டு. ரமணனை மேடையில் கேட்டு அழுத ஊர், பக்கத்து வீட்டு இளைஞனை ஆசைக்காரன் என்று கடிந்துகொள்வது எப்படி என்பதற்கு அந்நூல் ஓரளவு விடை தருகிறது.

இங்கே ஆவணக்காப்பகம் பற்றிய கடினமான கேள்வி எழுகிறது. இறந்த கவிஞரின் கடைசிச் சொற்கள் அச்சில் இருக்கின்றன. அவர் நினைவில் எழுந்த காவியத்துக்கு எண்ணற்ற பதிப்புகள் இருக்கின்றன. மைத்ரியின் தொலைபேசியில் பேசி, மறுநாள் விழித்து, வேலைக்குப் போனவர்களின் சொற்கள் எங்கும் இல்லை. மறைகாத்தல் என்னும் நெறியே அவற்றை இல்லாமலாக்குகிறது. அந்நெறி இல்லாவிடில் அவர்கள் பேசியிருக்கவே மாட்டார்கள். தற்கொலையின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர் ஒருவரின் மேசைக்கு வந்து சேர்வன அனைத்தும் முடிந்துபோன வாழ்வுகளின் தாள்களே. முடியாதவற்றுக்குத் தாள் இல்லை. எண்ணிக்கையில் அவையே மிகுதி என்பதை உலக நலவாழ்வு நிறுவனமும் கூறுகிறது: ஓர் இறப்புக்குப் பல முயற்சிகள், அம்முயற்சிகளிலிருந்து மீண்ட பலர். சான்றுகளின் பெருக்கத்தை மட்டும் நம்பி எழுதினால், சாவே இவ்வெண்ணத்தின் இயல்பான முடிவு என்னும் ‘ரமண’க் கதைமுறையை ஆய்வேடும் அறியாமலே பின்பற்றிவிடும்.

இன்று அழைப்பதற்கான வாயில்கள் பெருகியிருக்கின்றன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரள அரசின் திசா எண் 1056. சென்னையில் ஸ்நேகாவின் எண் 044-24640050. மட்டாஞ்சேரியும் இடப்பள்ளியும் 1967 முதல் ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன. மைத்ரியை அழைக்க 0484-2540530. கடிதம் எழுத விரும்புவோருக்கு அது அறிவித்த களமசேரி முகவரியில், அஞ்சலகத்தின் பெயர் சங்ஙம்புழ நகர்.