வெட்டாது என்று இகழப்பட்ட கத்தி

கத்திக்கு ஏற்ற எஃகு எது என்னும் கேள்வி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஒரு மனிதரைப் பெரும் ஏளனத்துக்கு உள்ளாக்கியது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு மேசைக் கத்திகள் கார்பன் எஃகினால் செய்யப்பட்டன. கூர்மைக்குக் குறைவில்லை, ஆனால் எலுமிச்சையோ காடியோ பட்டால் கறுத்துவிடும். பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தேய்த்துத் துலக்க வேண்டும். செல்வர்கள் பழத்திற்கும் மீனுக்கும் வெள்ளிக் கத்தி வைத்துக்கொண்டனர். மற்றவர்களுக்கு அவ்வசதி ஏது?

குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் பெர்த்தியே 1821ஆம் ஆண்டிலேயே கண்டார். கத்தி செய்ய உதவும் என்றும் கருதினார். எனினும் அவருடைய கலவையில் கார்பன் மிகுந்திருந்ததால் அது எளிதில் நொறுங்கியது.

ஹாரி பிரியர்லி 1871ஆம் ஆண்டு ஷெஃபீல்டில், எஃகு உருக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு உருக்காலையில் சேர்ந்தார். பின்னர் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவினார். மாலை வகுப்புகளாலும் சுயமுயற்சியாலும் வேதியியல் கற்றவர், 1908இல் ஓர் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். (வறுமையில் படிக்கும் நம் மாணவர்களிடம் இதைச் சொல்லலாம்.)

துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தை ஆராய்ந்தபோது, 1913 ஆகஸ்டில், 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கார்பனும் கொண்ட எஃகை உருக்கினார். நுண்ணோக்கியில் காண்பதற்காக அதன்மேல் அமிலம் தடவினால் அரிக்கவே இல்லை. அவர் மனம் உடனே கத்தியை நாடியது.

கத்தி செய்வோரோ இதில் கூரே ஏறவில்லை என்றனர்; வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று நகைத்தனர். உண்மையில் குறை எஃகில் இல்லை, உலைச் சூட்டில் இருந்தது. கார்பன் எஃகைச் சுமார் 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சித் தோய்த்தால் போதும். இதற்கோ ஏறத்தாழ 1000 பாகை வேண்டும். பழகிய கை பழைய சூட்டோடு நின்றுவிட்டது. 1914இல் மோஸ்லி கத்தித் தொழிற்சாலையின் மேலாளர் எர்னெஸ்ட் ஸ்டூவர்ட் மூன்றாம் முயற்சியில் சரியான பதத்தைக் கண்டார். கறைபடியாதது என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் சூட்டியவரும் அவரே. பிரியர்லி சொன்னது துருவேறாத எஃகு என்பதாம். தமிழில் நாம் வழங்கும் பெயர் பிரியர்லியின் பக்கமே நிற்கிறது!

உரிமை யாருக்கு என்ற பிணக்கில் நிறுவனத்தை விட்டு விலகிய பிரியர்லி, 1916இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

கார்பன் கூடினால் கூர்மை நிலைக்கும். ஆனால் அது குரோமியத்தைத் தன்னுடன் பிணைத்துக்கொள்வதால் துருவைத் தடுக்கும் ஆற்றல் குறையும். இன்றைய நடுத்தர விலைக் கத்திகள் பலவற்றில் கார்பன் ஏறத்தாழ 0.5 விழுக்காடும் குரோமியம் 13 முதல் 15 விழுக்காடும் இருப்பது இந்த இழுபறிக்குக் கண்ட சமரசமே. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பல வேறு வகை: குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு. அது நன்றாகப் பளபளக்கும். எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் அதற்கு வராது.