மாதிரி ரயிலில் தடம் மாற்றுதல்: கட்டளைக்கு ஒரு வயர், உறுதிக்கு இன்னொரு வயர்

ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடும் அமைப்பைத் தடம் மாற்றி என்கிறோம். ரயில்வே ஊழியர்களிடம் கேட்டால் 'பொயின்ட்ஸ்' என்பார்கள். நுனி சீவப்பட்ட இரண்டு அசையும் தண்டவாள அலகுகள் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்வதைப் பொறுத்தே ரயில் போகும் வழி தீர்மானமாகிறது. மேசையில் ஓடும் மாதிரி ரயிலிலும் இதே ஏற்பாடுதான். கைக்கெட்டாத மூலையிலுள்ள தடம் மாற்றியைக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து இயக்க வேண்டுமானால் மோட்டர் பொருத்தி வயர் இழுக்க வேண்டும்.

ஊடகக் கற்கை எனது படிப்பு, மின்னியல் அல்ல. 2023 ஜூன் 2 அன்று இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில், பாலசோர் மாவட்டத்தின் பஹநாகா பஜார் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தைப் பற்றிய அறிக்கைகளை வாசித்தபோது, 'சமிக்ஞைச் சுற்று மாற்றத்தில் குறைபாடு' என்ற சொற்றொடரைக் கடந்துபோக முடியவில்லை. அது என்னவென்று அறிய, இரண்டு தடம் மாற்றிகள் கொண்ட ஒரு சிறு பாதையை ஒட்டுப்பலகையில் அமைத்து வயரிங் செய்தேன். அதே வேலையைச் செய்ய விரும்புவோருக்கும், அந்த விபத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோருக்கும் பயன்படும் வகையில் அதை இங்கே தருகிறேன்.

சுருள் மோட்டர்

மலிவானதும் பழையதுமான முறை இரட்டைச் சுருள் மோட்டர். இரண்டு கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கோல் இருக்கும். எந்தச் சுருளில் மின்னோட்டம் பாய்கிறதோ அந்தப் பக்கம் கோல் இழுபடும். அதோடு அலகுகளும் நகரும். மூன்று வயர்கள் போதும்: ஒன்று பொது, மற்றவை சுருளுக்கு ஒன்று.

இதற்குத் தேவை ஒரு கணநேரத் துடிப்பு மட்டுமே. சில அம்பியர் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் சுருள் சூடேறிக் கருகிவிடும். ஆகவே சாதாரண ஆளியைப் போடக்கூடாது. விரலை எடுத்ததும் விடுபடும் அழுத்தும் ஆளியே வேண்டும். அந்த ஆளியும் சிக்கிக்கொள்ளலாம் என்பதால், மின்வழங்கிக்கும் ஆளிகளுக்கும் இடையே கொள்ளளவி மின்னிறக்கச் சுற்று ஒன்றை இணைப்பது வழக்கம். பெரிய கொள்ளளவி ஒன்று மின்னேற்றத்தைச் சேமித்து வைத்து, ஆளியை அழுத்தியதும் முழுவதையும் ஒரே வீச்சில் சுருளுக்குள் விடும். பிறகு ஆளியை அழுத்தியபடியே இருந்தாலும் சுருளைக் கருக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயாது.

மெதுவாக நகரும் மோட்டர்

'டோர்ட்டொய்ஸ்' போன்ற மோட்டர்கள் 12 வோல்ற் நேரோட்டத்தில் இயங்கி, அலகுகளைச் சில வினாடிகளில் மெதுவாக நகர்த்துகின்றன. எல்லையைத் தொட்டதும் மோட்டர் அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கும். அந்நிலையில் அது எடுப்பது சுமார் 16 மில்லி அம்பியர் மட்டுமே என்பதால் கருகாது. திசையை மாற்ற நேர், மறை முனைகளை இடம் மாற்றினால் போதும். இதற்கு இருமுனை இருவழி ஆளி வேண்டும்: நடு முனைகள் இரண்டையும் மோட்டருக்கும், குறுக்காக இணைத்த ஓர முனைகள் நான்கையும் மின்வழங்கிக்கும் கொடுக்க வேண்டும்.

இந்த மோட்டரின் உள்ளே, அதன் நகர்வோடு சேர்ந்து மாறும் இரண்டு தொடுகைத் தொகுதிகள் உண்டு. ஒன்று, உள்தண்டவாளங்கள் இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குத் 'தவளை' என்று பெயர். இரண்டு தண்டவாள முறையில் ஒரு தண்டவாளம் நேர், மற்றது மறை. உலோகத் தவளை எந்தப் பாதை திறந்திருக்கிறதோ அதற்கேற்ற முனையோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையேல் குறுஞ்சுற்று ஏற்படும். இரண்டாவது தொடுகையைக் கட்டுப்பாட்டுப் பலகையின் விளக்குகளுக்குப் பயன்படுத்தலாம்.

விளக்கு எதைச் சொல்கிறது?

நான் அதிக நேரம் செலவிட்ட இடம் இதுதான். பலகையிலுள்ள விளக்கை மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து எரிய வைக்கலாம்.

ஆளியிலிருந்து எரிய வைத்தால், நீங்கள் கட்டளையிட்டதை மட்டுமே விளக்கு சொல்லும். மோட்டரின் தொடுகையிலிருந்து எரிய வைத்தால், மோட்டர் நகர்ந்ததைச் சொல்லும். அலகுகளை இணைக்கும் குறுக்குப் பட்டையின் இரு எல்லைகளிலும் இரண்டு நுண் ஆளிகளைப் பொருத்தி அங்கிருந்து எரிய வைத்தால்தான், அலகுகள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று தெரியும். அலகு நடுவில் சிக்கினால் இரண்டு விளக்குகளும் எரியாது. அதுவும் ஒரு தகவல்தான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. அலகுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு தீக்குச்சியை வையுங்கள். ஆளியைப் போடுங்கள். மோட்டரையும் அலகையும் இணைக்கும் கம்பி வளையக்கூடியது என்பதால், அலகு நகராமலே மோட்டர் தன் பயணத்தை முடித்துவிடும். முதல் இரண்டு முறைகளிலும் விளக்கு மாறிவிடும், பாதை மாறியிருக்காது.

உண்மையான ரயில் பாதையில் அலகுகளின் நிலையைக் கண்டறியத் தனிச் சுற்று இருக்கிறது. அலகு சரியாகப் பொருந்திப் பூட்டப்பட்டது என்று அந்தச் சுற்று உறுதி சொன்னால் மட்டுமே சமிக்ஞை பச்சைக்கு மாற வேண்டும். இதற்கு இடைப்பூட்டு என்று பெயர். மாதிரிப் பாதையிலும் பச்சை விளக்கின் வயரை அலகின் நுண் ஆளி வழியாகக் கொண்டுபோனால் இதே பாதுகாப்பு கிடைக்கும்.

வயர் மாறினால்

பஹநாகா பஜாரில் ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கொரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பிரதான பாதையில் நேராகச் செல்லப் பச்சை காட்டப்பட்டது. ஆனால் தடம் மாற்றி கிளைப் பாதைக்குத் திறந்திருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியதில் தொடங்கிய விபத்தில் 290க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நிலையத்தின் வடபுறச் சமிக்ஞை அறையில் முன்னர் செய்யப்பட்ட சுற்று மாற்றத்திலும், ரயில் கடவையின் மின் தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைபாடுகளே பிழையான சமிக்ஞைக்குக் காரணம் என்று இந்திய ரயில்வே அமைச்சு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இடைப்பூட்டு அங்கே இருந்தது. அது நம்பிய தகவலுக்கும் தண்டவாளத்தின் நிலைக்கும்தான் தொடர்பு அறுந்திருந்தது.

ஒட்டுப்பலகைப் பாதையில் இது பலகைக்கு அடியில் நடக்கக்கூடியதுதான். ஒரே நிற வயர்கள் பத்து தொங்கும்போது, அலகின் உறுதி வயர் இருக்க வேண்டிய முனையில் வேறொன்றை முறுக்கிவிடலாம். எல்லாம் சரியாக வேலை செய்வதுபோலவே தோன்றும். ஆகவே கட்டளை வயருக்கு ஒரு நிறம், உறுதி வயருக்கு வேறு நிறம் வையுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் ஒரே பெயரை எழுதி ஒட்டுங்கள். ஒரு வயரை மாற்றினால் வரைபடத்தையும் அன்றே திருத்துங்கள். பிறகு, கை வைத்த தடம் மாற்றியை மட்டுமல்லாமல் எல்லாவற்றையும் தீக்குச்சி வைத்துச் சோதியுங்கள். குச்சி இருக்கும்வரை பச்சை எரியக்கூடாது. எரிந்தால், வயரைக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பாதையில் ரயிலை விடாதீர்கள்.