மதியச் சாப்பாட்டுக் கூடை: எழுத்தாளர்களுக்கு நேரம் சம்பாதித்துக் கொடுத்த மரியன்

இன்னிக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க போன்ல நோட்ஸ் ஆப்பைத் திறந்தா, பாதியிலேயே நிக்கிற கதை ஒண்ணாவது இருக்குமே? ஏன் முடிக்கலைன்னு கேட்டா, நம்ம எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான்: "எங்கங்க நேரம்?"

சரி, அந்த நேரத்தை வேற யாராவது நமக்குக் கொடுக்க முடியுமா? தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, தனி அறை எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம், நீங்க எழுதுங்க, களைப்பா இருந்தா தூங்குங்க என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. ரெசிடென்சி என்று சொல்வார்கள். இன்று பல நாடுகளில் இது உண்டு. இவற்றில் பலவற்றுக்கும் முன்மாதிரியாக இருந்த இடம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற சின்ன ஊரில் இருக்கிறது. பெயர் மெக்டவல். அதை நடத்திக் காட்டியவர் எழுத்தாளர் இல்லை. பியானோ வாசித்த ஒரு பெண். அவர் பெயர் மரியன்.

மரியன் நெவின்ஸ் பிறந்தது 1857-ல். பியானோ கற்றுக்கொள்ள ஜெர்மனிக்குப் போனார். பிராங்க்ஃபர்ட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இன்னொரு அமெரிக்கர், எட்வர்ட் மெக்டவல். மாணவியைவிட மூன்று வயது சின்னவர்! 1884-ல் இருவருக்கும் கல்யாணம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. எட்வர்ட் பெரிய இசையமைப்பாளர் ஆனார். மரியனுடைய பியானோ ஓரமாகப் போனது.

1896-ல் எட்வர்ட் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முதல் இசைப் பேராசிரியர் ஆனார். கௌரவமான வேலைதான். ஆனால் பாடம், கூட்டம், நிர்வாகம் என்று வருஷம் ஓடிவிடும். சொந்த இசைக்குக் கிடைப்பது கோடை விடுமுறை மட்டும். அதே வருஷம் அவர்கள் பீட்டர்பரோவில் ஒரு பண்ணையை வாங்கினார்கள். பிறகு அங்கே காட்டுக்குள் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடில் கட்டினார்கள். தொந்தரவு இல்லாத அந்தக் குடிலில்தான் எட்வர்டுக்கு வேலை ஓடியது. நமக்குக் கிடைத்த இந்த இடம் மற்ற கலைஞர்களுக்கும் கிடைத்தால் என்ன என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

ஆனால் அவருக்குக் காலம் இல்லை. 1904-ல் பல்கலைக்கழகத்தோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டார். உடம்பும் மனசும் தளர்ந்தன. 1907-ல் அந்த ஆசை நிஜமானது. முதலில் வந்து தங்கியவர்கள் ஒரு அக்கா தங்கை. ஒருவர் எழுத்தாளர், இன்னொருவர் சிற்பி. 1908 ஜனவரியில் எட்வர்ட் இறந்துபோனார். வயது 47.

கதை இங்கே முடிஞ்சிருக்கலாம். ஒரு நினைவுப் பலகை வச்சுட்டு எல்லாரும் கிளம்பியிருக்கலாம். மரியன் வேற முடிவு எடுத்தார். எட்வர்டுக்காக நண்பர்கள் திரட்டிய நிதி இருந்தது, ஆனால் இப்படி ஒரு இடத்தை வருஷக்கணக்கில் நடத்த அது போதாது. ஐம்பது வயதைத் தாண்டிய மரியன், கல்யாணத்துக்குப் பிறகு ஓரம் கட்டிய பியானோவுக்கே திரும்பினார். திரும்பப் பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். மகளிர் மன்றங்கள், இசைச் சங்கங்கள் என்று அழைத்த இடத்திலெல்லாம் கணவரின் இசையை வாசித்து, பண்ணையைப் பற்றிப் பேசி, பணம் திரட்டினார். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லைங்க, பல பத்தாண்டுகள்.

அந்தப் பணத்தில் காட்டுக்குள் ஒவ்வொரு குடிலாக எழும்பியது. அங்கே இருக்கும் வழக்கங்கள் ரொம்ப எளிமையானவை. பகலில் அழைப்பு இல்லாமல் யாரும் இன்னொருவர் குடிலுக்குப் போகக் கூடாது. மதியச் சாப்பாடு ஒரு கூடையில் வரும். கொண்டுவருபவர் கதவைத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இன்னிக்கு எத்தனை பக்கம் எழுதினேன்னு யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க. கிளம்பும்போது, குடிலில் மாட்டியிருக்கும் மரப் பலகையில் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

இதுல என்ன பெரிசா இருக்குன்னு தோணலாம். ஏமி பீச்சைக் கேளுங்க. அமெரிக்காவின் முக்கியமான பெண் இசையமைப்பாளர். கல்யாணம் ஆனபோது, கணவர் விருப்பப்படி கச்சேரிகளைப் பெருமளவு குறைத்துக்கொண்டவர். 1921-ல் கணவரை இழந்தவராக மெக்டவலுக்கு வந்தார். குடிலுக்கு வெளியே ஒரு பறவை பாடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அப்படியே குறித்துக்கொண்டு, அதை வைத்து இரண்டு பியானோ படைப்புகளை உருவாக்கினார். பிறகு தன் இசையின் வருமானத்தையே அந்த இடத்துக்கு எழுதிவைத்தார். அங்கே வந்த பெண்களுக்கு அந்தக் கூடை சும்மா ஒரு வசதி இல்லை. இன்றைக்கு என்ன சமைப்பது என்ற கேள்வியே எழாத ஒரு பகல் அது.

தார்ன்டன் வைல்டர் 'அவர் டவுன்' நாடகத்துக்காக வேலை செய்த இடங்களில் இதுவும் ஒன்று. ஜேம்ஸ் பால்ட்வின் 1954-ல் வந்தார். இதற்கிடையில் 1938-ல் ஒரு பெரும்புயல் அந்தக் காட்டைச் சாய்த்துப்போட்டது. மரியனுக்கு அப்போது 80 வயது. மறுபடியும் நிதி திரட்ட ஆரம்பித்தார்.

இந்த யோசனை மற்ற இடங்களிலும் வேர் பிடித்தது. நியூயார்க் மாநிலத்தில் யாடோ 1926-ல் முதல் விருந்தினர்களை வரவேற்றது. 1967-ல் அயோவாவில் உலக எழுத்தாளர்களுக்கான திட்டம் தொடங்கியது. அங்கே 1973-ல் போனவர் யார் தெரியுமா? நம்ம அசோகமித்திரன். பல நாட்டு எழுத்தாளர்களோடு சில மாதங்கள் இருந்தார். அந்த நாட்களே பின்னாடி 'ஒற்றன்' நாவல் ஆயின. எழுதப் போன இடமே எழுதும் விஷயமாக ஆகிவிட்டது! இப்படி ஒன்று நடக்கும் என்று எந்த விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுத முடியும்? கணக்கு கேட்காமல் நேரம் கொடுப்பதன் பலன் அது.

மரியன் 1956-ல், 98 வயதில் இறந்தார். மற்றவர்களுக்குத் தடையில்லாத நாட்களைக் கொடுப்பதற்காக அவருடைய நாட்கள் ரயிலிலும் மேடையிலும் கணக்குப் புத்தகத்திலும் போயின. ரெசிடென்சி பற்றிப் பேசும்போது நாம் பெரிய புத்தகங்களின் பெயரைச் சொல்கிறோம். கூடையைத் தூக்கிவந்தவர் பெயரைச் சொல்வதில்லை.

நாம பெரும்பாலும் பீட்டர்பரோ போகப் போறதில்லை. ஆனா நீங்க ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் எழுதினா, அந்த நேரத்துல வீட்டுல சமைக்கிறது யாருன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. அவங்களுக்கும் முடிக்காம வச்ச ஏதோ ஒண்ணு இருக்கலாம். அடுத்த ஞாயிறு நீங்க சமைங்க. கதவைத் தட்டாம, சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டு வந்துடுங்க.